ஆள் யார்?

கைது செய்யும்போது கேட்கிறார்கள். ஜாமீன் கொடுக்கும்போது கேட்கிறார்கள். தண்டனை எழுதும் நேரத்தில் மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். குற்றம் செய்தவரை நம் நீதி அமைப்பு எப்படிப் பார்க்கிறது? ஒரு சிறப்புப் பார்வை.

அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையிலோ காலிலோ புத்தம் புதிய மாவுக்கட்டு. இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகக் காவலர்கள். நடுவில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். ‘தப்பி ஓட முயன்றபோது பாலத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது’ என்றோ, ‘கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்’ என்றோ கீழே ஒரு வரி. காலையில் செயின் பறிப்புச் செய்தி, மாலையில் மாவுக்கட்டுப் படம். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ‘நல்லா வேணும்’ என்று போடுவார். நாலு பேர் கைதட்டுவார்கள்.

காவல் நிலையக் கழிப்பறைகளில் பிடிபட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள், போலீஸ்காரர்கள் ஏன் விழுவதே இல்லை என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால், அந்தப் படம் வெளியாகும் நேரத்தில் வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்காது. ஒரு சாட்சியையும் யாரும் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் நமக்கு உறுத்துவதில்லை. ‘அவன் எப்படிப்பட்டவன்’ என்று நாம் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டோம்.

குற்ற வழக்கு எதுவானாலும் அதில் இரண்டு கேள்விகள் உண்டு. ‘என்ன செய்தார்?’ என்பது முதல் கேள்வி. சாட்சியும் தடயமும்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ‘ஆள் யார்?’ என்பது அடுத்தது. என்ன வயது, எந்தச் சூழலில் வளர்ந்தார், எது அவரை இங்கே தள்ளியது, திருந்துவாரா? குற்றம் உறுதியான பிறகு, தண்டனையை முடிவு செய்யும்போது எழ வேண்டிய கேள்வி இது. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. கேட்கக் கூடாத இடத்தில் எல்லாம் ஆள் யார் என்று துருவுகிறோம். கேட்டே ஆக வேண்டிய இடத்தில் வாயைத் திறப்பதில்லை.

ஒரே ஆண்டு, இரண்டு பார்வை

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. 1920-ஆம் ஆண்டைப் புரட்டினால் அதன் இரண்டு முகங்களும் ஒன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர். பிரமலைக் கள்ளர் ஆண்கள் வந்து கைரேகை பதிய வேண்டும் என்று அதிகாரிகள் போலீஸ் படையோடு வந்து நின்றார்கள். ஊர் மறுத்தது. அன்றைய துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். யார் மீதும் திருட்டு வழக்கு இருந்தாக வேண்டும் என்ற அவசியம் அந்தச் சட்டத்துக்கு இல்லை. 1871-இல் வட இந்தியாவுக்காக எழுதப்பட்டு, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அது. பிறந்த சாதியே குற்றத்துக்குச் சாட்சி. மதுரைப் பக்கத்தில் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட இடத்திலோ வந்து படுத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். இதை எதிர்த்து மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பைத்தான் அந்தச் சீமை இன்னும் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடுகிறது.

அதே 1920-இல், அதே சென்னை அரசு இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டம் அது. தப்புச் செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு சிறையில் போடக் கூடாது, தனி நீதிமன்றம் வேண்டும், பள்ளியில் வைத்துத் திருத்த வேண்டும் என்றது. சென்னை மாகாண நிர்வாகத்தில் பெரிய பதவி வகித்த சர் அலெக்ஸாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழுவும் அப்போதுதான் (1919–20) தன் வேலையை முடித்தது. கைதியைச் சீர்திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று இந்தியச் சிறைகளுக்கு முதன்முதலாக அழுத்திச் சொன்ன குழு அது. இதே மாகாணம் 1925-இல் போர்ஸ்டல் பள்ளிச் சட்டத்தையும், 1936-இல் நன்னடத்தைச் சட்டத்தையும் இயற்றியது.

ஆக, ஒரு கை ‘மனிதன் திருந்துவான்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, இன்னொரு கை ‘இவன் பிறவிக் குற்றவாளி’ என்று ரேகை எடுத்துக்கொண்டிருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் ஒழிந்தது. அதன் கீழ் முத்திரை குத்தப்பட்டவர்கள் இன்று சீர்மரபினர். தமிழ்நாட்டுப் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. சட்டம் போன வேகத்தில், 1948-இல் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. பிறப்பு இருந்த இடத்தில் பதிவேடு வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய முத்திரையும் உடனே அழிந்துவிடவில்லை. 1993-இல் விருத்தாசலம் பக்கத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராசாக்கண்ணு கொல்லப்பட்டார். நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி. ‘தப்பி ஓடிவிட்டான்’ என்றது போலீஸ். வழக்கறிஞராக இருந்த சந்துரு தொடுத்த ஆட்கொணர்வு மனுதான் உண்மையை வெளியே இழுத்தது. போலீஸ்காரர்களை உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொல்ல 2006 வரை ஆனது. ‘ஜெய் பீம்’ படம் பார்த்து அழுதவர்களுக்கு இந்தக் கதை தெரியும். திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகும் என்பது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மூடாத ஏடு

காவல் நிலையத்தில் எழுத்தர் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரிக்கு வருவோம். அங்கே ரவுடிப் பட்டியல் இருக்கும், சரித்திரப் பதிவேடு இருக்கும். ஒருவர் பெயர் ஏறிவிட்டால் அவருடைய அடையாளங்கள், சொந்தக்காரர்கள், கூட்டாளிகள், போய்வரும் இடங்கள் எல்லாம் அதில் ஏறும். ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். திருவிழாவா, தேர்தலா, தலைவர் வருகையா, முதல் நாளே வீட்டுக் கதவு தட்டப்படும். “ஐயா கூப்பிடுறாரு, ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ.”

காவல் துறை பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கூலிப்படை, கஞ்சா கும்பல், பழிக்குப் பழி என்று திரிபவர்களைக் கண்காணிக்காமல் எந்த நகரத்தையும் காக்க முடியாது. அது சரி. ஆனால் அந்த ஏட்டில் பெயர் ஏறுவது சுலபம், இறங்குவது குதிரைக்கொம்பு. உள்ளூர் ஆய்வாளர் பரிந்துரை எழுத, மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் ஏறிவிடும். இறக்க வேண்டுமானால் அந்த ஆள் மதுரைக்கோ சென்னைக்கோ போய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. வழக்கில் விடுதலையான பிறகும் பெயர் தொடர்வதாகச் சொல்லி வரும் மனுக்கள் அங்கே சாதாரணம்.

டெல்லியில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் மீதான சரித்திரப் பதிவேட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் பார்த்துப் பேசியது. சமூகத்தில் பின்தங்கியவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சீர்மரபினர் பெயர்களை இயந்திரம் போல இந்த ஏடுகளில் ஏற்றும் போக்கைச் சுட்டிக்காட்டி, ஒழுங்குபடுத்தச் சொன்னது. குழந்தைகளின் விவரங்களைக்கூட இந்த ஏட்டில் எழுதிவைத்த பழக்கமும் அந்த வழக்கில்தான் அம்பலமானது. ரேகைச் சட்டம் போய் எத்தனையோ தலைமுறை ஆன பின்னும் அப்பன் பெயரோடு பிள்ளை பெயரும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

நன்னடத்தைப் பிணை என்று இன்னொன்று உண்டு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 110-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 129. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் மிச்சக் காலத்துக்குச் சிறை. இதை விசாரிக்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தைத் தமிழ்நாடு அரசு காவல் துணை ஆணையர்கள் கையிலேயே கொடுத்து வைத்திருந்தது. பிடிப்பதும் போலீஸ், பத்திரம் கேட்பதும் போலீஸ், சிறைக்கு அனுப்புவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இது அரசமைப்புக்கே விரோதம் என்று அந்த அரசாணைகளை ரத்து செய்தது.

புதிய ஏடு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கைதிகளின் ரேகை எடுக்க வெள்ளையர் போட்ட அடையாளச் சட்டமும் 1920-இல் வந்ததுதான். அதன் இடத்தில் 2022-இல் வந்த சட்டம், கருவிழிப் பதிவு வரை எடுத்து 75 ஆண்டு பாதுகாக்க வழி செய்கிறது. இருபது வயதில் மாட்டிக்கொண்டு தண்டனை பெற்றவரின் பதிவு அவருக்குத் தொண்ணூற்றைந்து வயதாகும்வரை இருக்கும்.

குண்டாஸ் போட்டாச்சு!

‘மூன்று பேர் மீது குண்டாஸ்’ என்ற செய்தி இல்லாத நாள் தமிழ்நாட்டு மாவட்டப் பதிப்புகளில் அபூர்வம். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சட்டம். கள்ளச் சாராயம் காய்ச்சுபவர், போதைப் பொருள் விற்பவர், குண்டர், விபசாரத் தரகர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று தொடங்கிய பட்டியல், ஆட்சிகள் மாற மாற வளர்ந்தது. வனக் குற்றம் சேர்ந்தது. 2004-இல் திருட்டு வீடியோ, 2006-இல் மணல் கடத்தல், 2014-இல் பாலியல் குற்றமும் இணையக் குற்றமும் சேர்ந்தன. மக்களுக்கு எதன் மேல் கோபமோ, அது இந்தச் சட்டத்தின் பெயருக்குள் போய்விடும்.

இது தண்டனைச் சட்டமல்ல. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ, ‘இவரை வெளியே விட்டால் பொது ஒழுங்கு கெடும்’ என்று கருதினால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். விசாரணை கிடையாது. உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது. பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே சிறையில்தான் இருப்பார். ஜாமீனில் வெளியே வந்துவிடுவாரோ என்பதால் சிறைக்குள்ளேயே இந்த உத்தரவு போய்ச் சேரும். நாட்டில் தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையில் முன்வரிசை மாநிலம் நம்முடையது.

வழக்கமான சட்டமே போதும் என்றால் தடுப்புக் காவலைக் கையில் எடுக்கக் கூடாது என்று சென்னையில் காலாவதி மருந்துகளைப் புது மருந்தாக விற்ற வழக்கொன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகும் ஆட்கொணர்வு மனுக்கள் குவிகின்றன. உயர் நீதிமன்றம் உத்தரவுகளை ரத்து செய்துகொண்டே இருக்கிறது. மொழிபெயர்ப்பு நகல் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், வேறு வழக்கின் ஜாமீன் உத்தரவை இதில் ஒட்டியிருக்கிறார்கள் என்று காரணங்கள் எல்லாம் தொழில்நுட்ப ஓட்டைகள். ரத்தாவதற்குள் ஐந்தாறு மாதம் ஓடிவிடும். போலீசுக்கு அதுவே போதும்.

இதில் உண்மையில் ஏமாறுவது யார்? பாதிக்கப்பட்டவர்தான். ‘குண்டாஸ் போட்டாச்சு’ என்றதும் தண்டனை கிடைத்துவிட்டதுபோல ஒரு திருப்தி பரவுகிறது. மூல வழக்கோ குற்றப்பத்திரிகை, சம்மன், வாய்தா என்று அதே இடத்தில் கிடக்கிறது. சாட்சிகள் பிறழ்கிறார்கள். ஒன்றிரண்டு ஆண்டில் அந்த ஆள் வெளியே வருகிறார். அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்காது. பறிகொடுத்த பெண்ணுக்கு நகையும் வந்திருக்காது, தீர்ப்பும் வந்திருக்காது.

ஜாமீன்தாரர் இருக்காங்களா?

ஜாமீன் கிடைத்தால் வெளியே வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை குற்றவியல் நீதிமன்ற வராந்தாவில் நின்று பார்க்க வேண்டும். உத்தரவு கையில் இருக்கும். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவர்களுக்கு ரேஷன் கார்டு, ஆதார், சில நேரம் வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புக்கு அதிகாரியின் சான்று எல்லாம் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் நழுவிவிடுவார்கள். நடைமேடையில் படுத்துறங்கியவருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் யார் வந்து கையெழுத்துப் போடுவது? ஜாமீன் உத்தரவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சிறையிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் ஒன்றிய அரசு, ஏழை விசாரணைக் கைதிகளின் பிணைத் தொகைக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டம் கொண்டுவரும் அளவுக்கு இது பெரிய பிரச்சினை.

1978-இல் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்ட நடுவர், அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் மறுத்துவிட்டார். ஏழைக்கு இப்படி விலை வைத்தால் ஜாமீன் என்பதற்கே அர்த்தமில்லை என்று சாடினார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். அடுத்த ஆண்டே ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் தங்கள் குற்றத்துக்கு உரிய முழுத் தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணைக்காகவே அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

சிறைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதல் முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று அந்த ஆகஸ்ட்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல ஏற்பாடு. அதே பிரிவின் அடுத்த வரி, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. ரவுடிப் பட்டியலில் இருக்கிற பையன் மேல் கண்டுபிடிக்காத பழைய வழக்கு ஒன்றிரண்டைச் சேர்த்து எழுதுவது எவ்வளவு சுலபம் என்பது நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சிறைக்குள்ளும் அதே கேள்வி

‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’ என்று பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. உள்ளே ‘ஆள் யார்’ என்ற கேள்வி மாறவில்லை. முதல் வகுப்பு கொடுக்க 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகள் பார்ப்பது சமூக நிலை, கல்வி, பழகிய வாழ்க்கை முறை. செய்த குற்றம் ஒன்றேயானாலும், பட்டம் படித்த, வசதியாக வாழ்ந்தவருக்குக் கட்டிலும் மேசையும் கிடைக்கும். கூலி வேலை செய்தவர் ‘பழகிய வாழ்க்கை’ தரைதான் என்பதால் அவருக்குச் சிறையிலும் தரை.

பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதி வாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் வைத்திருந்தார்கள். வெளியே நடக்கும் மோதல் உள்ளே வரக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். உயர் நீதிமன்றமும் ஒரு கட்டத்தில் அதை ஒப்புக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு இந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. ஒழுங்கைக் காக்கச் சாதிப் பிரிவினையைக் கருவியாக்கக் கூடாது என்றது. யார் கூட்டுவது, யார் சமைப்பது என்று சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளை ரத்து செய்தது. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. சீர்மரபினரை வழக்கக் குற்றவாளி என்று கருதும் குறிப்புகளும் செல்லாதவை ஆயின. 1871-இல் எழுதிய ஒரு கருத்தின் மிச்சத்தைத் துடைக்க 153 ஆண்டு ஆகியிருக்கிறது.

பிள்ளைகளுக்கான இடத்திலும் நிலைமை நிம்மதி தருவதாக இல்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் ஊழியர்கள் அடித்ததில் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்டவன். அந்தப் புகார் உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், அதற்குச் சட்டம் என்ன செய்திருக்கும்? ஆலோசனை சொல்லி, பெற்றோரிடம் ஒப்படைத்து, ஒரு நன்னடத்தை அலுவலரைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கும். இந்தச் சாவுக்குப் பிறகு இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது. சாத்தான்குளத்தில் 2020-இல் தந்தையும் மகனும், மடப்புரத்தில் 2025-இல் கோயில் காவலாளியும் போலீஸ் பிடியில் உயிரிழந்தபோது நாம் கொதித்தோம். அவர்கள் ‘நம்மைப் போன்றவர்கள்’ என்பதும் அந்தக் கொதிப்புக்கு ஒரு காரணம். பேட்டரி திருடிய பையனுக்காகக் கொதித்தவர்கள் குறைவு.

கேட்க வேண்டிய இடத்தில் மௌனம்

குற்றம் உறுதியாகிவிட்டது. தண்டனை என்ன? இப்போதுதான் ஆள் யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலான நீதிமன்றங்களில் நடப்பது இது: “தண்டனை பத்தி ஏதாவது சொல்ல விரும்புறியா?” கூண்டில் நிற்பவர், “வயசான அம்மா இருக்காங்க, சின்னக் குழந்தை இருக்கு, குறைஞ்ச தண்டனை கொடுங்கய்யா” என்பார். அது தட்டச்சாகும். சிறிது நேரத்தில் தண்டனை வாசிக்கப்படும். அந்த அம்மா உண்மையிலேயே இருக்கிறாரா, அவன் எத்தனாவது வரை படித்தான், குடிக்கு அடிமையா, அதற்குச் சிகிச்சை உண்டா என்று யாரும் அவன் தெருவுக்குப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் அதற்காகவே நன்னடத்தை அலுவலர் என்ற பதவியை வைத்திருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்பும் முன் அந்த அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும். நன்னடத்தையில் விடக்கூடிய வழக்கில் விடாவிட்டால் அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றும் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ‘சமூகத்தில் இத்தகைய குற்றங்கள் பெருகிவிட்டதால்’ என்ற ஒற்றை வரி அந்தக் காரணமாகிவிடுகிறது.

தூக்குத் தண்டனை வழக்கிலேயே இதுதான் கதி. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. 2009-இல் அதே கம்மாபுரம் காவல் எல்லையில் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். நெஞ்சு பதறும் குற்றம். குற்றவாளிக்குத் தூக்கு. விசாரணை நீதிமன்றம் விதித்ததை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. மறுசீராய்வில் 2023 மார்ச்சில்தான், இந்த ஆளைப் பற்றி எந்த நீதிமன்றமும் உருப்படியாக விசாரிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அவர் முன்குற்றம் இல்லாதவர், சிறையில் உணவுத் தயாரிப்பில் பட்டயப் படிப்பு முடித்தவர். சிறை நடத்தை பற்றிய தகவலை மறைத்ததற்காகக் காவல் ஆய்வாளருக்கு நோட்டீஸ் அனுப்பிய உச்ச நீதிமன்றம், தூக்கை 20 ஆண்டு குறைப்பில்லா ஆயுளாக மாற்றியது. குற்றம் பெரிதுதான் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆளைப் பற்றிய ஏடு அலமாரியில் இருந்தும், தேவைப்பட்ட நாளில் அது நீதிமன்றத்துக்கு வரவில்லை.

சட்டத்திலேயே இருக்கிறது, கையில் எடுப்பதில்லை

● சமூக சேவை: 2024-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டு (பொருளைத் திருப்பிக் கொடுத்தால்), குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை போன்ற சில குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக அனுமதிக்கிறது.

● கைதுக்குப் பதில் நோட்டீஸ்: ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

● பதிவு அழிப்பு: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறாரின் வழக்குப் பதிவுகளை உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

‘பாதிக்கப்பட்டவங்களுக்கு யார் இருக்கா?’

இந்தக் கேள்வி வரும், வர வேண்டும். மகளை இழந்த தகப்பனிடம் போய் ‘கொன்றவனின் பின்னணியைப் பாருங்கள்’ என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அவருக்கு நாம் கடன்பட்டிருப்பது மூன்று: ஒழுங்கான புலன் விசாரணை, சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, காலத்தோடு ஒரு தீர்ப்பு. மாவுக்கட்டு இந்த மூன்றில் ஒன்றையும் தருவதில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. அடித்துக் கண்டெடுத்த பொருளையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிழித்துப் போடுவார். முரட்டு வழி, குற்றவாளியைத் தப்பவிடும் வழியாகவே பல நேரம் முடிகிறது. ஆளைப் பிடித்த பெருமை செய்தித்தாளில் வரும். விடுதலையான செய்தி வராது.

வெளியே வந்த பிறகு

சிறைத் துறை நடத்தும் ‘ஃபிரீடம்’ பெட்ரோல் பங்குகளில் வண்டிக்கு எண்ணெய் போட்டிருப்பீர்கள். பைப்பைப் பிடித்து நிற்பவர் தண்டனைக் கைதி. கொலை வழக்கில் ஆயுள் பெற்றவராகக்கூட இருக்கலாம். ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கி, மீதியை எண்ணிக் கொடுப்பார். சுற்றிலும் நெடுஞ்சாலை, கையில் ரொக்கம், ஆனாலும் வேலை ஒழுங்காக நடக்கிறது. தண்டனை அனுபவிக்கும்போது இவ்வளவு நம்பிக்கை வைக்கும் அரசு, தண்டனை முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவர் வேறொரு பங்கில் வேலை கேட்டால் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்பார்கள்.

தண்டனையே பெறாதவருக்கும் இதே கதை. தமிழ்நாடு காவல் துறைத் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்ற விளக்கம் இருக்கிறது. ஊர்த் தகராறில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் சேர்க்கப்பட்ட பட்டதாரிப் பையன்கள், உடல் தகுதியிலும் எழுத்துத் தேர்விலும் தேறி, இந்த இடத்தில் வந்து விழுகிறார்கள். ஆள் மாறியதை அமைப்பு ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளன் சாட்சி. 19 வயதில் உள்ளே போனவரின் நடத்தை, படிப்பு, உடல்நிலை எல்லாம் கணக்கில் வந்து 2022 மே 18 அன்று விடுதலை உத்தரவு வர 30 ஆண்டுக்கு மேல் ஆனது. ஊரே சேர்ந்து குரல் கொடுத்த வழக்கிலேயே இந்த நிலை என்றால், மனு போட்டுப் பார்க்கக்கூட ஆள் வராத கைதிகளைப் பற்றி என்ன சொல்ல?

செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. ரவுடிப் பட்டியலுக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். இத்தனை ஆண்டு புது வழக்கு இல்லை, பழைய வழக்கில் விடுதலை என்றால், மனு இல்லாமலே பெயர் இறங்க வேண்டும். தடுப்புக் காவல் கோப்புக்குச் செலவிடும் ஆளும் நேரமும் மூல வழக்கின் சாட்சிகளைக் கூண்டேற்றப் போக வேண்டும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை தண்டனை விசாரணையின் கட்டாயப் பகுதியாக வேண்டும். அதற்குக் காலிப் பணியிடங்களை நிரப்பினால் போதும், புதுச் சட்டம் வேண்டாம்.

சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கை வரும்போது, ஓராண்டில் எத்தனை பேர் மீது குண்டாஸ் பாய்ந்தது என்ற கணக்கு பெருமையாகச் சொல்லப்படும், மேசைகள் தட்டப்படும். அடுத்த முறை யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, இரண்டு துணைக் கேள்விகள் கேட்கட்டும். அந்த ஆட்களில் எத்தனை பேருடைய மூல வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது? தண்டனை கொடுக்கும் முன் எத்தனை பேரைப் பற்றி நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கப்பட்டது?